டயர்ச் செருப்பின் அடியில் ஒரு பூ

அக்கா,

மருமகனின் காருக்கு டயர் மாற்ற இன்று ஆயர் குரோ வரை போயிருந்தோம். கடைக்காரர் பழைய டயர் ஒன்றின் ஓரத்தைச் சீவி, சூடு காட்டி ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். அந்த வாடை வந்தது பார், மருமகன் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் நாற்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"மாமா, இதைப் போயி மோந்து பாக்குறீங்களே, தலை சுத்தப் போவுது."

"உனக்குத்தான் சுத்தும். நான் இந்த வாடையில வளந்த ஆளு."

அது பாதிப் பொய். நான் வளர்ந்தது வேறு இடத்தில். சாகாமல் மிஞ்சியதுதான் இந்த வாடையில். வீட்டுக்கு வந்ததும் காகிதத்தை எடுத்துவிட்டேன். மூன்றாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டதில் நஷ்டம் பள்ளிக்கூடத்துக்குத்தான் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் எழுத்துப் பிழை வரும். உனக்கு எழுத்தே தெரியாது என்பதால்தான் இவ்வளவு தைரியமாக எழுதுகிறேன். நீ போய்ச் சேர்ந்து எத்தனையோ தீபாவளி கழிந்துவிட்டது. உன்னிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று இன்றைக்குத்தான் கை துருதுருத்தது.

ஜப்பான்காரன் வருவதற்கு முன்னால் நான் படக்கொட்டகைக்குத் தண்டோரா போட்டுக்கொண்டிருந்தேன். என் குரலைக் கேட்டு மலாக்கா ஆற்றில் போகிற சம்பான் படகெல்லாம் நின்றுவிடும். சரி, ஒரு படகு நின்றது. துடுப்பு முறிந்திருக்கும் என்று நீ சொல்வாய். இருக்கட்டும். ஜப்பான்காரன் கொட்டகையை எடுத்துக்கொண்டதும் என் தொண்டைக்கு வேலை போயிற்று. இருபது வயதுக்காரன், கையில் ஒரு தொழிலும் இல்லை, வாய் மட்டும் இருந்தது.

உன் வீட்டுக்காரர் காஜா பெராங் சாலையோரம், பெரிய சாக்கடைக்குப் பக்கத்தில் அத்தாப்பு ஓலைக் கொட்டகை போட்டுச் செருப்புத் தைத்தவர். ஒரு நாள் ஜப்பான்காரனுடைய சயாம் ரயில் வேலைக்கு ஆள் பிடிக்கிற லாரி வந்து அவரை உட்கார்ந்த இடத்திலேயே அள்ளிக்கொண்டு போயிற்று. நீ அழுது முடித்து, முகம் கழுவி, அவருடைய கத்தியை எடுத்துக்கொண்டு அதே இடத்தில் போய் உட்கார்ந்தாய். தொழில் உனக்குப் புதிதில்லை. அவர் வெட்டுவார், நீ தைப்பாய். பல சமயம் வெட்டுவதும் நீதான். ஆனால் ஒருவரும் வரவில்லை. செருப்புக்கு அளவு எடுக்க வேண்டுமானால் காலைப் பிடிக்க வேண்டும். ஊரான் காலை ஒரு பொம்பளை பிடிப்பதா என்று ஆண்கள் வரவில்லை. தோல் தொடுகிற சாதி என்று பெண்கள் உன்னை வாசலுக்குள் விடவில்லை. இந்தப் பக்கமும் கதவு, அந்தப் பக்கமும் கதவு, நடுவில் சாக்கடை ஓரத்தில் நீ.

அப்போதுதான் மரவள்ளிக்கிழங்கு தேடி அந்தப் பக்கம் வந்த, உறவு எதுவும் இல்லாத என்னைக் கூப்பிட்டாய்.

"டேய் தண்டோரா, சும்மாதானே சுத்துற?"

"சும்மாவா? நாலு எடத்துல வேலைக்குக் கூப்புடுறாங்கக்கா. நாந்தான் யோசிக்கிறேன்."

"நல்லா யோசி. யோசிச்சுக்கிட்டே இங்க உக்காரு. உனக்கு வாய் இருக்கு, எனக்குக் கை இருக்கு. ரெண்டையும் சேத்தா ஒரு ஆம்பள தேறுவான்."

இப்படித்தான் நான் செருப்பு மேஸ்திரி ஆனேன். நடுவில் ஒரு கோணிச் சாக்கைத் திரையாகக் கட்டினாய். நான் முன்னால் உட்காருவேன். வருகிறவன் பழைய காகிதத்தின்மேல் காலை வைப்பான். கரித்துண்டால் சுற்றிக் கோடு இழுத்து, காகிதத்தைத் திரைக்குக் கீழே தள்ளுவேன். செருப்பு வெளியே வரும். "எல்லாம் என் கை வேலை" என்று நான் சொல்ல வேண்டும் என்பது நீ போட்ட ஏற்பாடு. வேறு எந்த வேலையையும் நான் அவ்வளவு மனதாரச் செய்ததில்லை. தூரத்துப் பத்து பெரெண்டாம் ஊரிலிருந்தெல்லாம் என்னைத் தேடி வந்தார்கள். சயாம் ராஜாவுக்கே நான் செருப்புத் தைத்தவன் என்று ஒரு ஆளிடம் சொன்னபோது திரைக்குப் பின்னால் நீ சிரித்த சிரிப்பில் சாக்கு ஆடியது.

தோல் எங்கே கிடைத்தது அந்தக் காலத்தில்? எல்லாம் டயர்தான். ஓடி ஓடித் தேய்ந்து மொட்டையான லாரி டயர். கத்தியைத் தண்ணீரில் நனைத்து நனைத்து நீ அதை வெட்டும்போது ரப்பர், வெண்ணெய் மாதிரி வழிவிடும். டியூப்பை நறுக்கி வார். முதலில் செய்தவை மழையில் வழுக்கின. காஜா பெராங் செம்மண் சேற்றில் ஒரு ஆள் மல்லாந்து விழுந்து வந்து என்னைத் திட்டினான். நீ உடைந்த குடை ஒன்றைப் பிரித்து, அதன் கம்பியைக் கல்லில் தீட்டினாய். குடைக்கம்பிக்கு நடுவில் ஓடை மாதிரி பள்ளம் இருக்குமே, தீட்டினால் அதுவே செதுக்குகிற உளி. அதால் அடிப்பக்கத்தில் கோடு கோடாகச் செதுக்கினாய். வழுக்கல் நின்றது. வேறு யாராக இருந்தாலும் கோட்டோடு விட்டிருப்பார்கள்.

நீ விடவில்லை. கோயில் வாசலில் தினமும் சண்டை. கழற்றிப் போட்டதெல்லாம் கறுப்பு டயர்ச் செருப்பு, எது யாருடையது என்று தெரியவில்லை. அதனால் நீ ஒவ்வொருவருக்கும் ஒரு அடையாளம் செதுக்க ஆரம்பித்தாய். கருவாடு விற்கிறவனுக்கு மீன். காவடி எடுக்கிறவனுக்கு வேல். மாட்டுவண்டிக்காரனுக்குச் சக்கரம். மழை விட்ட காலையில் சாலையைப் பார்த்தால், சேறு முழுக்க மீனும் வேலும் மாங்காயுமாகப் பதிந்து கிடக்கும், யாரோ ஊருக்கே கோலம் போட்ட மாதிரி. கோயிலுக்குள் உன்னை விடமாட்டார்கள். நீ வெளியே நின்று, குப்புறக் கிடக்கிற செருப்பைப் பார்த்தே சொல்வாய்: "மீன் வந்துருச்சு. வேல் இன்னும் வரல. அவனுக்குக் காய்ச்சல் விடல போல." உள்ளே இருந்த சாமிக்குக்கூட வருகைக் கணக்கு அவ்வளவு சுத்தமாகத் தெரிந்திருக்காது.

பக்கத்திலேயே கம்போங் செட்டி, பல தலைமுறைக்கு முன்னால் இங்கே வந்து தங்கிவிட்ட செட்டிகளின் கிராமம். அந்த மக்கள் நம்மைப் போல விபூதி பூசுவார்கள், மாரியம்மனைக் கும்பிடுவார்கள், வாயைத் திறந்தால் மலாய். அங்கே மாக் மீனாச்சி என்று ஒரு அம்மாள், ஒரு வீட்டுக்குப் பெரியவள். அவர்கள் வீட்டுப் பெண்கள் துணியில் கண்ணாடி மணி கோத்துச் செருப்புக்கு மேல்பாகம் பின்னுவார்கள். கடுகை விடச் சின்ன மணி. அதற்கு அடிப்பாகம் வைத்துத் தைப்பது நீ. கூலியாகக் கிழங்கும் தேங்காயும் பின்வேலியில் ஒரு கூடையில் தொங்கும். நீ செருப்பை அந்தக் கூடையில் வைத்துவிட்டுத் திரும்புவாய். உன் கை பட்ட செருப்பு அந்த வீட்டுக் கூடம் வரை போகும். நீ வேலி வரைதான்.

"கோவமா இல்லியாக்கா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"கோவப்பட்டா அந்த மணி வேலைய யாருடா எனக்குக் காட்டுவா?" என்றாய். அந்த மணிச் செருப்பில் இருந்த ஆறிதழ்ப் பூவைத்தான் நீ பார்த்து வைத்துக்கொண்டு, மாக் மீனாச்சியின் தம்பிக்கு டயர்ச் செருப்பில் செதுக்கினாய். இந்தப் பூ வேறு யாருக்கும் கிடையாது.

அந்தத் தம்பி ஆற்றோரத்து அரிசிக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். வீட்டில் பிள்ளைகள் கிழங்கு தின்று தின்று கால் வீங்கிக் கிடந்தன. மழை பெய்த ஒரு நாள் கிடங்கிலிருந்து ஒரு மூட்டை அரிசி காணாமல் போயிற்று.

மறுநாள் முற்பகல் ராணுவப் போலீஸ் நம் கொட்டகைக்கு வந்தது. அந்த அதிகாரி ஏழடி உயரம், இடுப்புக் கத்தி எட்டடி. கத்தி ஆளைவிடப் பெருசாடா என்று நீ கேட்பது எனக்குக் கேட்கிறது. சரி, ஆள் என் தோள் உயரம். கத்தி மட்டும் உண்மையிலேயே நீளம், தரையில் இடித்துக்கொண்டே வந்தது. பின்னால் ஒரு சிப்பாய், சீர்வரிசைத் தட்டு மாதிரி ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தான். அதன்மேல் கிடங்கின் பின்சுவரோரம் மண்வெட்டியால் அப்படியே வெட்டி எடுத்த ஒரு சேற்றுக்கட்டி. அதில் ஒரு கால்தடம். கால்தடத்தின் நடுவில் ஆறிதழ்ப் பூ.

கூட வந்த மொழிபெயர்ப்பாளர் நம் ஆள், தமிழர். முன்பு எங்கோ கணக்கெழுதியவர். ஜப்பான் பாஷை கொஞ்சம் படித்து அந்த வேலையில் சேர்ந்திருந்தார். அவர் காலில் இருந்தது நீ செய்த செருப்பு.

"இது யாரு செஞ்சதுன்னு கேக்குறாரு," என்றார்.

தெருவே என்னைக் கைகாட்டிற்று. அக்கம்பக்கத்தில் நான் சொல்லாத ஆள் ஒருவன் மிச்சமில்லையே. நானும் நெஞ்சை நிமிர்த்தி, "நாந்தான்" என்றேன். பழக்கதோஷம்.

"அப்ப இந்தப் பூ யாரோட செருப்புன்னு சொல்லு. இல்லேன்னா நீயே வண்டியில ஏறு."

அந்த வண்டியில் ஏறியவர்கள் திரும்பியதில்லை. பாலத்தருகே கம்பத்தில் எத்தனை தலை வைத்தார்கள் என்பதை ஊரே பார்த்திருந்தது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக வாயில் ஒன்றும் வரவில்லை. மீன், வேல் மாதிரி சிலதைத் தவிர யாருக்கு எந்த அடையாளம் என்பது எனக்கு எங்கே தெரியும்? பூ யாருடையது என்பதே எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அது உன் கைக்கு மட்டும் தெரிந்த விஷயம். நீ ஒரு பேர் சொன்னால் நான் தப்பிப்பேன், அந்தத் தம்பி போவான். சொல்லாவிட்டால் நான் போவேன்.

திரைக்குப் பின்னாலிருந்து உன் குரல் வந்தது, கூடப் பிறந்தவனைத் திட்டுகிற குரல்.

"ஏண்டா மரம் மாதிரி நிக்கிற? எல்லாச் செருப்புலயும் அந்த ஒத்தப் பூவத்தானே செதுக்கித் தொலைக்கிற? வேற ஒண்ணும் வராதுன்னு சொல்லேன்!"

பொய்யில் நான் பேர் வாங்கினவன். ஆனால் அந்த ஒரு பொய்க்கு முன்னால் என்னுடையதெல்லாம் சில்லறை.

மொழிபெயர்ப்பாளர் குனிந்து தன் காலைப் பார்த்தார். அதன் அடியில் இருப்பது மாங்காய் என்று அவருக்குத் தெரியும். ஒரு காலைத் தூக்கிக் காட்டியிருந்தால் போதும். அவர் தூக்கவில்லை. இரண்டு பாதத்தையும் தரையில் இன்னும் அழுத்தி ஊன்றிக்கொண்டு, நீ சொன்னதை அப்படியே ஜப்பானில் சொன்னார். சுற்றி வேடிக்கை பார்த்தவர்கள் செருப்பைக் கழற்றி இடுப்பில் சொருகிக்கொண்டு ஒவ்வொருவராக நழுவினார்கள்.

அதிகாரி நம்பவில்லை. உள்ளே இருக்கிற செருப்பையெல்லாம் கொண்டுவா என்றான்.

உள்ளே ஒரு கூடைச் செருப்பு இருந்தது எனக்குத் தெரியும். வார் கோத்து முடிந்தவை. அடையாளத்தை நீ கடைசியில்தான் செதுக்குவாய் என்பதும் தெரியும். அத்தனையும் அடியில் மொட்டை.

"வாரு இழுக்க வேண்டியிருக்கு. கொஞ்சம் இருக்கச் சொல்லு," என்றாய். அடுத்த நொடியே திரைக்குப் பின்னால் 'சர்ர்... சர்ர்...' என்று குடைக்கம்பி ரப்பரைச் சீவுகிற சத்தம்.

அப்போது எனக்கு வாய் திரும்பி வந்தது. வராமல்? அதற்குத்தானே என்னை உட்கார வைத்திருந்தாய். தண்டோரா போட்ட குரலை முழுசாகத் திறந்தேன்.

"ஐயா, தொரைக்கு என் கையால ஒரு ஜோடி செய்யணும்னு ரொம்ப நாள் ஆசை! இந்தப் பூட்ஸுக்குள்ள ஈரத்துல கால் என்ன பாடுபடும்! ஒரு அளவு மட்டும் எடுத்துக்கிறேன்னு சொல்லுங்க!"

அவர் சொன்னார். அதிகாரிக்குக் கால் உண்மையிலேயே வெந்து போயிருந்தது போல. ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு டயர்மேல் உட்கார்ந்தான். கணுக்காலிலிருந்து முழங்கால் வரை துணிப்பட்டி சுற்றியிருந்தான். அதைப் பிரிக்கப் பிரிக்க வந்துகொண்டே இருந்தது. அவ்வளவு நீளத் துணியை மனிதன் காலில் சுற்றுவானா? கடவுளே, இன்னும் நீளமாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஒரு கால் முடிந்ததும், இரண்டு காலும் ஒரே அளவாக இருக்காது, இன்னொன்றையும் எடுத்தால்தான் தொழில் என்றேன். கரித்துண்டால் ஒவ்வொரு விரலாகச் சுற்றி வந்தேன். இந்த டயர் எந்த நாட்டில் காய்ச்சிய ரப்பர், இமயமலையில் என் செருப்பைப் போட்டு ஏறிய சாமியார், என் பாட்டனார் யானைக்குச் செருப்புத் தைத்தது என்று வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன்.

"யானைக்கா?" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"நாலு காலுக்கும்!"

"இத எப்படிய்யா ஜப்பான்ல சொல்றது?" என்று முணுமுணுத்தார். ஆனாலும் சொன்னார். மனிதர் என் பேச்சை எவ்வளவு நீட்டிச் சொல்ல முடியுமோ அவ்வளவு நீட்டிச் சொன்னார்.

கடைசியில் திரைக்குக் கீழிருந்து உன் கை மட்டும் வந்தது, கூடையைத் தள்ளிக்கொண்டு. அதிகாரி ஒன்றைத் திருப்பினான். பூ. இன்னொன்று. பூ. எல்லாவற்றிலும் ஆறிதழ், எல்லாவற்றிலும் நடுவில் ஒரு புள்ளி. புதுசாகச் செதுக்கியது தெரியாதபடி சேற்றை வேறு தேய்த்திருந்தாய். பலகையோடு வைத்துப் பார்த்தான். அச்சு அசலாக அதேதான்.

கூடையோடு ஒரு ரப்பர்ச் சீவல் வெளியே வந்துவிட்டது. பூனைக்குட்டி வால் மாதிரி சுருண்டு, பளபளவென்று, இப்போது சீவியது என்று யாருக்கும் தெரிகிற மாதிரி என் முன்னால் கிடந்தது. குனிந்து எடுத்தால் அதிகாரி கண்ணில் படும். மொழிபெயர்ப்பாளர் ஒரு எட்டு முன்னால் வைத்து, அந்த மாங்காய்ச் செருப்பால் அதை மிதித்துக்கொண்டு நின்றார்.

அதிகாரி எழுந்து, வேறு பூ செதுக்கத் துப்பில்லாத மேஸ்திரிக்கு ஒரு அறை கொடுத்தான். காது இரண்டு நாள் ரீங்காரம் போட்டது. இவ்வளவு சந்தோஷமாக நான் எந்த அறையையும் வாங்கியதில்லை. மறுநாளைக்குள் செருப்பு வேண்டும் என்று சொல்லிவிட்டு வண்டி போயிற்று.

நான் திரையைத் தூக்கினேன். உன் மடி, தலைமுடி, தரை எல்லாம் கறுப்புச் சீவல். கைவிரலில் ரத்தம்.

"யானைக்குச் செருப்பாடா?" என்றாய். அதற்கப்புறம் சிரிப்பை நிறுத்த முடியாமல் அழுதுவிட்டாய்.

அந்த அதிகாரிக்கும் நீ அதே பூவைத்தான் செதுக்கினாய். "இனி கெடங்குல பூ பதிஞ்சா அது அவன் காலாவும் இருக்கலாம்ல?" ஊரிலிருந்த மற்றவர்களும் விஷயம் புரிந்து ஒவ்வொருவராக வந்தார்கள். மீனையும் வேலையும் சீவி எடுத்துவிட்டு எல்லாருக்கும் பூ போட்டாய். கோயில் வாசலில் மறுபடியும் செருப்புச் சண்டை. நீ வெளியே நின்று, "நல்லா அடிச்சுக்குங்க சாமி, நல்லா அடிச்சுக்குங்க" என்று சிரித்தாய்.

மாக் மீனாச்சி வந்ததை நான் மறக்கவே மாட்டேன். கூடை அனுப்பவில்லை, ஆளும் அனுப்பவில்லை. கபாயாச் சட்டையும் சாரோங்குமாகச் சாக்கடைப் பலகையைத் தாண்டி அவளே வந்தாள். தம்பி பேரை அவளும் எடுக்கவில்லை, நீயும் எடுக்கவில்லை. "தெரிமா காசே" என்று ஒரு நன்றி சொல்லிவிட்டு, நீ உட்காருகிற டயரில் உட்கார்ந்தாள். காலை நீட்டினாள். அளவு எடு என்று மலாயில் சொன்னாள். அந்தக் காலை நீ இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் கரித்துண்டைத் தேடினாய். கரித்துண்டு உன் முன்னால்தான் இருந்தது. அதற்காக அந்த வீட்டு முன்வாசல் உனக்குத் திறந்துவிட்டது என்று நான் கதை கட்டமாட்டேன். திறக்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் அவள் அளவுக் காகிதம் அனுப்பியதே இல்லை. ஒவ்வொரு தடவையும் காலோடு வந்தாள்.

அவள் போனதும் நீ சாக்குத் திரையை அவிழ்த்து மடித்தாய்.

"ஏங்க்கா?"

"இனிமே நான் முன்னாடி உக்காருறேன். செய்றது நான்னு நீ எல்லார்ட்டயும் சொல்லு."

"பேரு வேணுமா உனக்கு? கேட்டா நானே குடுத்துருப்பேனே!"

"பேர வச்சு நாக்கு வழிக்கவா? அடுத்த தடவ அவன் வந்து உன்னைப் புடிச்சா என்னத்தடா சொல்லுவ? எந்தக் காலு யாருதுன்னு உனக்குத் தெரியாது. தெரிஞ்சவதான் முன்னாடி உக்காரணும்."

"உன்னை அடிச்சா?"

"அடிச்சா வலிக்கும். வாரை நறுக்கு."

சில ஆண்கள் வராமல் நின்றார்கள். மழைக்காலம் வந்ததும் அவர்களும் வந்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு காலை நீட்டினார்கள். நான் உள்ளே உட்கார்ந்து வார் நறுக்கினேன். சயாமுக்கு ஆள் பிடிக்கிற அந்த லாரி நம் சாலைக்கு இன்னும் சில தடவை வந்தது. வரும்போதெல்லாம் என்னை டயர்க் குவியலுக்குள் தள்ளி, மேலே கோணியைப் போட்டுவிட்டு நீ முன்னால் உட்கார்ந்துகொண்டாய். உன் வீட்டுக்காரர் திரும்பி வரவே இல்லை. சயாமிலிருந்து எலும்பும் தோலுமாக வந்தவர்களிடமெல்லாம் கேட்டாய். நான் போகாமல் இருந்தேன். கல்யாணம் கட்டினேன், பிள்ளை பெற்றேன். இன்று மருமகன் காருக்கு டயர் வாங்குகிற அளவுக்கு நல்லா இருக்கிறேன்.

பேரப்பிள்ளைகளுக்கு நான் கதை சொல்வேன். கேட்டால் நீ தலையில் அடித்துக்கொள்வாய். அதிகாரியின் உயரம் ஒவ்வொரு வருஷமும் கூடுகிறது. யானை இப்போது இரண்டாகிவிட்டது. அறை வாங்கியபோது நான் திருப்பி முறைத்தேன் என்றும் போன தீபாவளிக்குச் சேர்த்துக்கொண்டேன். மன்னித்துவிடு, ரொம்பப் பொருத்தமாக இருந்தது.

ஆனால் ஒவ்வொரு தடவையும் கடைசிப் பேரன் கண்ணை அகல விரித்துக் கேட்பான்: "அவ்வளவு வேகமா அத்தனை பூவையும் நீங்களா தாத்தா செதுக்குனீங்க?"

ஆமாம் என்ற சொல் என் நாக்கு நுனி வரை வந்து உட்காரும் அக்கா. என்னைத்தான் உனக்குத் தெரியுமே. அங்கே மட்டும் நான் ஒரு நூல்கூடச் சேர்க்கமாட்டேன்.

"இல்லடா. அக்கா செதுக்குனா. அவ செதுக்கி முடிக்கிற வரைக்கும் நான் பேசிக்கிட்டு இருந்தேன்."